மாமனார் தின்ற அபூர்வச் செடி

பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க வந்த மனிதரை ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தி, குழாய் விட்டு வயிற்றைக் கழுவ வைத்த மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதற்குப் பிறகும் அவர் எனக்குப் பெண் கொடுத்தார். இன்று எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது என்றால் அது அந்த மனிதரின் பெருந்தன்மை. இதை அவர் படிக்கப்போகிறார் என்பதற்காக மட்டும் இப்படி எழுதவில்லை. (அதற்காகவும்தான்.)

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. திருநெல்வேலியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, வீடு ஸ்ரீவைகுண்டத்தில். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். மாடி முழுக்கத் தொட்டிகள். செம்பருத்தி, நந்தியாவட்டை மாதிரி ஊரெல்லாம் இருக்கிற செடி என்றால் எனக்கு ஆகாது. பெயரைச் சொல்லும்போதே நாக்கு சுளுக்கிக்கொள்ள வேண்டும். கூழாங்கல் மாதிரி ஒரு செடி, முடி முளைத்த மாதிரி ஒரு செடி, செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்று மாதக்கணக்கில் தெரியாத ஒரு செடி என்று எங்கெங்கிருந்தோ வரவழைத்து வைத்திருந்தேன்.

போதாக்குறைக்குக் கைபேசியில் ஒரு மாடித்தோட்டக் குழு வேறு. யாராவது ஒரு படத்தைப் போட்டு ‘இது என்ன செடி?’ என்று கேட்டால், முதல் பதில் என்னுடையதாகத்தான் இருக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். ஆழ்வார்குறிச்சியில் ஒரு டீச்சர், கொல்லையில் தானாக முளைத்த பெரிய இலைச் செடி ஒன்றின் படத்தைப் போட்டார். ‘அபூர்வமான அலோகேசியா. வெளிநாட்டு வகை. வெயில் படாமல் வையுங்கள்’ என்று நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். அவரும் அதைப் பீங்கான் தொட்டியில் நட்டு நடுக்கூடத்தில் வைத்து, வருகிறவர்களையெல்லாம் தள்ளி நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதம் கழித்து மீன் விற்க வந்த அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, “சேம்ப எதுக்கு டீச்சர் நடுவீட்டுல வச்சிருக்கிய?” என்று கேட்ட பிறகுதான் சாயம் வெளுத்தது. டீச்சர் கிழங்கைத் தோண்டிப் புளிக்குழம்பு வைத்து அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். கீழே, ‘இது என்ன செடி?’ என்று கேட்டிருந்தார்.

அப்படியும் நான் திருந்தவில்லை.

இந்தச் செடிகளால் எனக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ‘பையன் நல்ல பையன்தான், ஆனா செடிக்கோட்டி’ என்று பெயர். (கோட்டி என்றால் எங்கள் பக்கம் பைத்தியம்.) நான்காவதாக வந்தது இசக்கியின் சம்பந்தம். ராதாபுரம் பக்கத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று ஐந்து நிமிடம் தனியாகப் பேசச் சொன்னார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் சேப்பங்கிழங்குக் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள். சிரித்து முடித்ததும், “கொழம்பு நல்லா இருந்துச்சாமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று பேருந்தில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். அவர்கள் வீட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி.

வருகிற அன்று காலையிலேயே அம்மா எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள்.

“ஏல, அவிய வந்துட்டுப் போற வரைக்கும் செடியப் பத்தி வாயத் தொறக்கப்படாது. மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன்னா பொறவு நான் பொல்லாதவளா ஆயிருவேன்.”

“சரிம்மா.”

“சத்தியம் பண்ணுல.”

சத்தியம் பண்ணினேன். ஆனால் அந்த வாரம் பார்த்து மாடியில் ஒரு பெரிய சம்பவம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் தூரத்து நகரம் ஒன்றிலிருந்து, அபூர்வச் செடி விற்கும் ஒருவரிடம் ஒரு செடி வாங்கியிருந்தேன். (விலையை அம்மாவுக்கே சொல்லவில்லை, உங்களுக்கு எப்படிச் சொல்வது?) சாம்பல் பச்சையில் விரல் தடிமனுக்கு நாலு பட்டையாக நிற்கும் தண்டு. இலை கிடையாது. வழியில் நனைந்து பெயர்ச்சீட்டு அழிந்துபோயிருந்தது. கைபேசியில் படம் எடுத்துக் கேட்டேன், அது மூன்று பெயர்களைச் சொன்னது. மூன்றில் எது அதிக தூரத்து ஊர்ச் செடியோ அதைத் தேர்ந்தெடுத்தேன். யூஃபோர்பியா. கள்ளி வகை. ஆப்பிரிக்கா. பால் முழுக்க விஷம் என்றும் போட்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெயரை ஒரு பலகையில் ஆங்கில எழுத்தில் எழுதிக் குத்திவைத்தேன். விஷம் என்ற எச்சரிக்கையையும் ஆங்கிலத்திலேயே எழுதினேன். தமிழில் எழுதினால் செடியின் மதிப்புக் குறைந்துவிடும் என்பது அப்போதைய என் அறிவு.

எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர் ஊர். வயலும் வாழையும் எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற பனங்காட்டுப் பக்கம் என்ன முளைக்கிறது என்று தெரியாது. ஆனால் ஆப்பிரிக்கா அத்துப்படி. மழை பட்டால் அழுகிவிடும் என்று அந்தச் செடிக்கு ஒரு குடை கட்டியிருந்தேன். “பெத்தவளுக்கு ஒரு கொட வாங்கித் தந்திருக்கியால?” என்று அம்மா வாரம் ஒரு தடவையாவது கேட்பாள். அப்பேர்ப்பட்ட செடியின் நுனியில் அந்த வாரம்தான் முதன்முதலாக மொட்டு விட்டிருந்தது. கருஞ்சிவப்பில், மிளகு அளவு.

பதினோரு மணிக்கு வந்தார்கள். இசக்கியின் அப்பா சுயம்புலிங்கம், கருப்பட்டி வியாபாரி. கூட அவர் தம்பி தர்மராஜ். பெரியவர் அதிகம் பேசவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். தர்மராஜ் சித்தப்பா முறுக்குத் தட்டோடு ஐக்கியமாகிவிட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“மேல என்ன இருக்கு தம்பி?” என்று பெரியவர் கேட்டார்.

அவராகத்தானே கேட்டார்! சத்தியம் அதில் சேராது. அம்மா கண்ணால் எரித்தாள், நான் அந்தப் பக்கமே திரும்பாமல் அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் “ஓஹோ” என்றார். கடைசியில் குடைக்குக் கீழே நின்ற செடியிடம் வந்தோம்.

“இது ஆப்பிரிக்காவுல மட்டுந்தான் வளரும். நம்ம மாவட்டத்துலயே என்கிட்ட மட்டுந்தான் இருக்கு.”

அவர் செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் செடியைப் பார்த்தார். “அப்படியா?” என்றார். அந்த நேரம் பார்த்து அம்மா கீழேயிருந்து காப்பியை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கூப்பிட்டாள். போனேன். மொத்தம் இரண்டு நிமிடம். காப்பியோடு மேலே வந்தால், மனிதர் என் செடியில் ஒரு தண்டை ஒடித்துக் கடித்து மென்றுகொண்டிருக்கிறார். மொட்டு இருந்த தண்டு. அவர் கையில் இருந்த மிச்சத்தில் மொட்டைக் காணோம்.

ஒன்றை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். எனக்கு முதலில் வந்த எண்ணம் அவர் உயிரைப் பற்றியது அல்ல. ‘ஐயோ, மொட்டு!’ என்பதுதான். அடுத்த நொடியில்தான் பலகையில் நான் எழுதியிருந்த வார்த்தை கண்ணில் பட்டது. காப்பித் தம்ளரைப் போட்டுவிட்டேன்.

“துப்புங்க! துப்புங்க! விஷம்!”

“ஒண்ணுஞ் செய்யாது தம்பி. பாரும், பால் வருதா? இது கள்ளி மு...”

கள்ளி என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. கள்ளிப்பால் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? அவரே கள்ளி என்கிறார், தெரிந்தேவா தின்றார்? அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். “எம்மா, உப்புத் தண்ணி! கள்ளியத் தின்னுட்டாரு!” என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா ஒரு சொம்பு நிறைய உப்பைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தர்மராஜ் சித்தப்பா முறுக்கை விட்டுவிட்டு அண்ணனின் தலையை நிமிர்த்திப் பிடித்தார்.

“ஏலே விடுங்கல, இது கள்ளி மு...”

ஒரு மடக்கு ஊற்றினேன்.

“சொல்லுதத கேளுங்க, கள்ளி மு...”

இன்னொரு மடக்கு. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் பேசத் திறக்கிறார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, குடிக்கத் திறக்கிறார் என்றே தோன்றியது. சொம்பு காலியானது. அவர் அந்த ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்ல நாங்கள் மூன்று பேரும் விடவே இல்லை.

தெருவில் நின்ற ஆட்டோவில் ஏற்றினோம். நான் ஒற்றைச் செருப்போடு ஏறினேன், கையில் மிச்சத் தண்டு ஒரு பாலித்தீன் பையில். பாதி வழியில் பெரியவருக்குக் குமட்டியது. ஆட்டோவில் பாத்திரம் ஏது? நான் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். என் கையிலும், அன்றைக்கென்று வாங்கிய புதுச் சட்டையிலும் வாந்தி எடுத்தார். அதுவரை அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மழுப்பிக்கொண்டிருந்தவன், “மாமா, மாமா, கண்ண மூடாதீங்க மாமா!” என்று அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன். இசக்கிக்கு என்ன பதில் சொல்வேன் என்பது ஒரு பக்கம். ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்ற பயம் இன்னொரு பக்கம்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் அம்மா ஒருவர்.

“என்ன சாப்பிட்டார்?”

“கள்ளி.”

“கள்ளிப்பாலா? வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“இல்ல டாக்டர், பொண்ணு விஷயமா எங்க வீட்டுக்கு வந்திருந்தாரு. வந்த எடத்துல...”

டாக்டரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. உப்புத் தண்ணீர் கொடுத்ததற்கு என்னை ஒரு பிடி பிடித்துவிட்டு, பெரியவரைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். “கள்ளி மு...” என்று ஒரு குரல் கேட்டது. அதற்குள் குழாய் போய்விட்டது.

வெளியே தர்மராஜ் சித்தப்பா ஊருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். “மாப்ள வீட்டுல வச்சு அண்ணன் கள்ளி தின்னுட்டாவ!” என்று கத்தினார், அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. அந்த அரை வாக்கியம் ராதாபுரம் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது, ‘மாப்பிள்ளையப் பாத்ததும் பொண்ணோட அப்பா வெஷம் குடிச்சிட்டாராம்’ என்று முழு வாக்கியமாகியிருந்தது.

ஒருவழியாகக் குழாயை எடுத்தார்கள். எங்களை உள்ளே விட்டார்கள். மனிதர் வாடிப்போய்க் கிடந்தார். என்னை உற்றுப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்து, கரகரத்த தொண்டையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“முளையான்.”

டாக்டர் குனிந்து, “உங்க பேரு என்ன சொல்லுங்க” என்று கேட்டார்.

“முளையான்!”

நர்ஸ் நோயாளியின் பெயர் முளையான் என்று எழுதிக்கொண்டார். விஷம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்போது சித்தப்பாவின் கைபேசி அடித்தது. இசக்கி. சித்தப்பா, “நீரே சொல்லும்வே” என்று அதை என் கையில் திணித்துவிட்டார்.

“உங்க அப்பா... என்னோட செடிய... கள்ளி...”

எதிர்முனையில் அழுகை இல்லை. “எந்தக் கள்ளி? ஒடைச்சா பால் வந்துச்சா?” என்றாள்.

“தெரியல.”

“நீங்கதான வளக்கிய, ஒடைச்சுப் பாக்கலையா?”

பையில் இருந்த தண்டை எடுத்து எல்லோர் முன்னாலும் ஒடித்தேன். பால் ஒரு சொட்டு இல்லை. வெறும் தண்ணீர்தான் கசிந்தது.

“நாலு பட்டையா இருக்கா? நுனியில கருஞ்செவப்பா மொட்டு விட்டுச்சா?”

“ஆமா.”

ஒரு மாதிரி மூச்சு முட்டும் சத்தம் வந்தது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அது கள்ளிமுளையான்! எங்க ஊருல வேலியோரமெல்லாம் கெடக்கும். கள்ளிக்குப் பக்கத்துல முளைக்கும், அதனால அந்தப் பேரு. ஆடு மேய்க்கப் போறவங்க, காட்டுக்குப் போறவங்க எல்லாரும் பச்சையாவே திம்பாங்க. எங்க அப்பா ஒடம்புல பாதி அதுதான்.”

கைபேசியை டாக்டரிடம் கொடுத்தேன். டாக்டர் கேட்டார், தண்டை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. கட்டிலில் இருந்த பெரியவர், “அதத்தாம்லே அப்பதயே புடிச்சுச் சொல்லுதேன்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் வரை பார்த்துவிட்டு அனுப்பினார்கள். சம்பந்தம் முடிந்துபோன விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அழுது ஓய்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டு ராதாபுரம் பேருந்தில் ஏற்றிவிடலாம் என்று நான் நினைத்தால், பெரியவர் ஆட்டோவை எங்கள் வீட்டுக்கே விடச் சொன்னார். உள்ளே வந்து உட்கார்ந்தார். “வயித்துல ஒண்ணுமில்ல தாயீ. சோறு கெடக்கா?” என்றார்.

அம்மா அவசர அவசரமாக இலையைப் போட்டுச் சோறும் ரசமும் வைத்தாள். முதல் கவளத்தை எடுத்தவர், வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, இதத் திங்கலாமா?”

“தி... திங்கலாம் மாமா.”

அமைதியாகச் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “உள்ளதச் சொல்லுதேன். பையன் கோட்டின்னு கேள்விப்பட்டுட்டு, காப்பியக் குடிச்சிட்டு வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். ஆட்டோவுல ரெண்டு கையையும் ஏந்தினாம்லா, எனக்கு எவன் ஏந்துவான்? வர்ற தையில வச்சுக்கிடுவோம்.”

சந்தோஷத்தோடு ஒரு உறுத்தலும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் உண்மை என்னவென்றால், நான் கையை ஏந்தியது பாசத்தால் அல்ல. எத்தனை துண்டு வெளியே வந்திருக்கிறது, எத்தனை இன்னும் உள்ளே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத்தான். செடியை நான் தவறாக அடையாளம் கண்டேன், என்னை அவர் தவறாக அடையாளம் கண்டுவிட்டார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் பெண் கிடைக்காது. ஆகவே திறக்கவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. சீர்வரிசையோடு ஒரு சாக்கு நிறையக் கள்ளிமுளையானும் வந்து இறங்கியது. பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில் அதையும் வைத்தார்கள். அம்மா அதைத் துவையல் அரைக்கக் கற்றுக்கொண்டாள். மிச்சத்தை இசக்கி மாடியில் நட்டாள். குடை கிடையாது, வெயிலிலும் மழையிலும் கிடந்து தொட்டியை விட்டு வெளியே வழிகிறது. குழுவில் யாராவது படத்தைப் போட்டால் இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை, முதலில் அவளிடம் காட்டுகிறேன். அவளும் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறாள். அப்படி ஒரு பதில் இருப்பதே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்து, மனது கேட்காமல் மாமாவிடம் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “பாசத்துல ஏந்தல மாமா. துண்டு வருதான்னு பாக்கத்தான் ஏந்தினேன்.”

அவர் கருப்பட்டியை எடைபோட்டுக்கொண்டிருந்தவர், நிமிரவே இல்லை. “அன்னைக்கே தெரியும் மாப்ள. மூக்கு முட்டக் குனிஞ்சு தேடுனீரே, எனக்குத் தெரியாதா? யாரு பொழைக்கணும்னுவே தேடுனீரு?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதை எந்த வார்த்தையிலும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. ராதாபுரத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள். நான் பின்கட்டில் சமையல்காரரோடு நின்றேன். பந்தியில் சோறும் சொதியும் போட்டு நேரமாகியும் பேச்சுச் சத்தமே இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தால், இரண்டு வரிசையிலும் ஒருவர்கூட இலையில் கை வைக்கவில்லை. எல்லோரும் நான் வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தமில்லாத விருந்தாளி ஒருவர் பசி தாங்காமல், “யாருக்குக் காத்திருக்கிய?” என்று கேட்க, தர்மராஜ் சித்தப்பா சொன்னார்: “மாப்ள பாத்துச் சொல்லணும்லா. எங்க குடும்பத்துல அதான் மொற.”

நான் நடுவில் வந்து நின்று, ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன். மாமாவின் இலையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன்.

“சாப்பிடலாம்,” என்றேன்.

முதல் கவளத்தை அவர்தான் எடுத்தார்.